ஒரு தீபம் தாங்காத ஷீட்டு

“இது வேணாங்க. ஒரு தீபம் தாங்காது.”

திருவண்ணாமலையில், தேரடி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், பாலிதீன் ஷீட்டும் தார்பாயும் கோணியும் விற்கிற கடை. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் இதைத் தன் கடைச் சரக்கைப் பற்றித்தான் சொன்னார். வாங்க வந்தவர் ஒரு விவசாயி. கையில் பிடித்திருந்த ஷீட் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. அந்தப் பக்கம் நிற்கிறவர் முகம் துல்லியமாகத் தெரியும், அவ்வளவு தெளிவு.

“நல்லாத்தானேம்மா இருக்குது?”

“இப்ப நல்லாத்தான் இருக்குது. இன்னாத்துக்கு வாங்கறீங்க?”

“மாட்டுக் கொட்டாய் மேல போடறதுக்கு.”

“அப்ப வேணாம். வீட்டுக்குள்ள மூட்டை மேல போத்தறதுன்னா எடுத்துக்கினு போங்க, பத்து வருஷம் ஆனாலும் இப்படியே இருக்கும். வெயில்ல போட்டா போச்சு. அந்தாண்ட மஞ்சளா ஒண்ணு சுருட்டி வெச்சிருக்கேன் பாருங்க, அது மூணு தீபம் பாக்கும்.”

விவசாயி மஞ்சளைத் தொட்டுப் பார்த்தார். பழைய நகத்தின் நிறம் அதற்கு. விற்காமல் கிடந்த அழுக்கு ஷீட்டைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. எதிர்க்கடைக்குப் போய், அதே கண்ணாடி மாதிரி ஷீட்டைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார். அம்மாள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே, “தீபத்துக்கு வருவாரு” என்றார், தனக்குத்தானே.

எங்கள் ஊரில் தீபம் என்றால் கார்த்திகை தீபம், மலை உச்சியில் கொப்பரையில் தீபம் ஏற்றுகிற நாள். பிள்ளை பிறந்தது, கிணறு வெட்டியது, சண்டை போட்டுக்கொண்டு பேச்சு நின்றது எல்லாமே தீபத்துக்கு முந்தி, தீபம் கழித்து என்றுதான் ஞாபகம் இருக்கும். ஆனால் பிளாஸ்டிக்கின் ஆயுளைத் தீபத்தில் அளந்தவரை நான் அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். தீபத்துக்கு மறுநாள், கூட்டமெல்லாம் பஸ் ஏறிப் போன பிறகு, கடையில் அந்த வருஷம் வந்த ஒவ்வொரு சரக்கிலும் ஒரு முழ நாடா வெட்டுவார். மாடியில் தெற்குப் பார்த்துச் சாய்த்து நிறுத்திய மரச்சட்டத்தில் அதை ஆணியடித்து, பெயின்டால் ஒரு அடையாளம் போடுவார். அடுத்த தீபத்துக்கு மறுநாள் மடித்து, மடிப்பை நகத்தால் கீறுவார். அறுந்தால் ஒரு தீபம் தாங்காத சரக்கு. அவ்வளவுதான் அவர் நடத்திய பரிசோதனை.

அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்காரர் லாரி ஓட்டினார், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். ஊருக்கு அவர் ஷீட்டுக்காரம்மா. எனக்கு அக்கா. ஆனால் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது பிறகுதான். முதல் நாள் அவரைக் கண்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. கெமிஸ்ட்ரியில் பி.எஸ்ஸி. முடித்த சூட்டோடு, சூரிய வெப்பத்தில் கடலை காய வைக்கும் ஒரு திட்டத்தில் தற்காலிகக் கள உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். எங்கள் பக்கம் மானாவாரிக் கடலையைப் பிடுங்குகிற நேரத்தில்தான் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். களத்தில் கொட்டினால் நனையும், வீட்டுக்குள் குவித்தால் பூசணம் பிடிக்கும். அதற்கு ஒரு கூடாரம். மூங்கில் சட்டம், மேலே பாலிதீன், கீழே கறுப்புப் பூசிய தகரம், ஓரத்தில் ஈரக்காற்று போக ஜன்னல். வெளிச்சம் உள்ளே போகிறது, தகரத்தில் பட்டுச் சூடாகிறது, கடலை காய்கிறது. விறகு இல்லை, கரண்ட் இல்லை, புகை இல்லை. எனக்கு அந்த வயதில் இதைவிட அழகான பொருள் உலகத்தில் எதுவும் இருக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் விளக்குவேன். கீழ்பென்னாத்தூரில் இறங்கவேண்டியவர்கள் அதற்கு முன்னாலேயே இறங்கியிருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

கூடாரத்துக்கு ஷீட் வாங்க, கடைகளில் விலைப் படிவம் கொடுத்து, நிரப்பி வாங்கிவரச் சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் அந்தச் சந்துக்குப் போனேன். படிவத்தில், ‘நிறமற்றது, கண்ணாடிபோல் தெளிவானது’ என்று தட்டச்சு செய்திருந்தது. அம்மாள் அதைப் படித்தார். கல்லாவிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரியைக் குறுக்கே அடித்தார். பக்கத்தில், ‘மஞ்சள்தான் குடுப்பேன்’ என்று எழுதினார்.

“இப்படி எழுதினா உங்களைத் தள்ளிடுவாங்கம்மா,” என்றேன்.

“தள்ளட்டும். வெயில்ல போடப்போற ஷீட்டுக்கு எவன்மா இதை எழுதினான்?”

எவனும் இல்லை, எழுதியது நான். அதைச் சொல்லாமல், பெருந்தன்மையாக அவருக்கு விளக்கினேன். தெளிவான ஷீட்டில் வெளிச்சம் அதிகமாக உள்ளே போகும், மஞ்சளில் குறையும், வெளிச்சம் குறைந்தால் சூடு குறையும். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“எவ்ளோ கம்மியாவும்?”

எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு தாம்பாளத்தில் கடலையைப் பரப்பி, ஒன்றின் மேல் அதையும் ஒன்றின் மேல் இதையும் கட்டிப் பார்த்திருக்கிறார். “மஞ்சள்ள அரை நாள் ஜாஸ்தி புடிக்கும். அரை நாளைக்காக ஒரு வருஷத்த விடுவியா?” என்று கேட்டுவிட்டு, மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

சட்டத்தில் ஐம்பது அறுபது நாடாக்கள் காற்றில் சலசலத்துக்கொண்டிருந்தன. கண்ணாடி மாதிரி இருந்தவை பால்வெளுப்பாகி, ஓரமெல்லாம் பொரிந்திருந்தன. ஒன்றைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. மஞ்சள் நாடாக்கள் தூசி படிந்து அசிங்கமாக, முழுசாகத் தொங்கின.

“வெளிச்சம்னா ஒண்ணு இல்லம்மா. கண்ணுக்குத் தெரியறது ஒண்ணு, தெரியாம கடிக்கறது ஒண்ணு. இது ரெண்டையும் உள்ள வுடுது. மஞ்சள் கடிக்கறத புடிச்சிக்கினு மத்தத வுடுது.”

என்னுடைய அவமானத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன். இதைத்தான் நான் மூன்று வருஷம் படித்திருந்தேன். பாலிதீன் என்பது கார்பனைக் கார்பனோடு கோத்த நீளச் சங்கிலி. வெயிலில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் இருக்கிறது. சங்கிலியில் பழுதான இடத்தில் அது பற்றிக்கொள்ளும், காற்றிலிருக்கும் ஆக்சிஜன் கூடச் சேர்ந்துகொள்ளும், கண்ணி கண்ணியாக அறுபடும். அதைத் தடுக்க ஒரு மருந்து கலப்பார்கள். அடியைத் தான் வாங்கி, சூடாக மாற்றி வெளியே விட்டுவிடுகிற மருந்து. அந்த மருந்தின் நிறம்தான் அந்த மஞ்சள். இந்தக் கேள்விக்குப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் மாடியில் நின்றபோது, ஒரு கடைக்காரி மீந்துபோன சரக்கைத் தள்ளிவிடக் கதை சொல்கிறாள் என்றுதான் என் மூளைக்குத் தோன்றியது. புத்தகத்தில் இருந்த பாலிதீனுக்கும் சந்துக்கடைப் பாலிதீனுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

படிவம் தள்ளப்பட்டது. வெளியூரிலிருந்து சுருள் சுருளாகத் தெளிவான ஷீட் வந்து இறங்கியது. பெற்றுக்கொண்ட தாளில், ‘தெளிவு மிக நன்று. தரம் நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முத்து முத்தாக இருக்கும் என் கையெழுத்து.

வெயிலில் போடாமல் எதையும் நம்பமாட்டார் என்று ஷீட்டுக்காரம்மாவைப் பற்றி ஊரில் கேலி செய்வார்கள். கேலியில்லை, நிஜம். வீட்டுக்கு வாங்கின பிளாஸ்டிக் வாளியின் கைப்பிடியில் ஒரு துண்டை அறுத்து மாடியில் வைத்தார். வாளி ஒரு காது இல்லாமலே உழைத்தது. சாமி படத்துக்குப் போட வாங்கின பிளாஸ்டிக் மாலையில் ஒரு பூ சட்டத்தில் தொங்கியது. தங்கச்சிக்கு வரன் கொண்டுவந்த தரகர் போட்டோவை நீட்டியபோது, “இது ஸ்டுடியோக்குள்ள எடுத்ததா, வெளிய எடுத்ததா?” என்று கேட்டிருக்கிறார். தரகர் அதை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கம்பெனி ஏஜெண்டுகள் அவரிடம் படாதபாடு பட்டார்கள். ஒருவர் பையிலிருந்து மாதிரிப் புத்தகத்தை எடுத்து, ஒவ்வொரு ஷீட்டாகத் திருப்பிக் காட்டி, ரெண்டு வருஷமா இதே புத்தகம்தான், ஒரு கீறல் உண்டா பாருங்க என்றார்.

“ரெண்டு வருஷமா எங்க இருந்துச்சு?”

“என் பையிலதாம்மா.”

“பைக்குள்ள வெயில் அடிக்குதா?”

ஏஜெண்ட் புத்தகத்தை மூடிக்கொண்டு காபி சாப்பிடப் போய்விட்டார்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் மட்டும் அவரை மதித்தார். மாடியில் மழைக்குக் கட்ட ஷீட் கேட்டு வந்தவரிடம், அக்கா தெளிவானதைக் காட்டி ஒரு விரலையும், மஞ்சளைக் காட்டி மூன்று விரலையும் நீட்டிவிட்டு, மலை உச்சியைக் காட்டினார். வெள்ளைக்காரர் எதைப் புரிந்துகொண்டாரோ, கும்பிட்டுவிட்டு மஞ்சளை வாங்கிக்கொண்டு போனார்.

அக்காவின் இந்தக் குணம் சில சமயம் தாங்கமுடியாது. புதுச் செருப்போடு போனால் வாரை வளைத்துப் பார்ப்பார். எதிர்க்கடைக்காரர், “அந்தம்மாகிட்ட போனா வாங்காமத்தான் வரணும்” என்று வாய்விட்டே சொல்வார். அதில் பாதி உண்மைதான். ஒருநாள் நான் கேட்டேவிட்டேன், ஏன்க்கா, விக்க உட்கார்ந்துக்கினு இப்படி விரட்டறீங்க என்று.

கல்லாவைத் துடைத்துக்கொண்டே சொன்னார். கடைக்கு வந்து உட்கார்ந்த புதிதில், குடிசைக் கூரைமேல் விரிக்க ஒரு பெண்ணுக்குத் தெளிவான ஷீட் கொடுத்திருக்கிறார், நல்லா வரும் என்று வாயாரச் சொல்லி. அடுத்த மழைக்கு அவள் வந்தாள். பிள்ளைத்தாய்ச்சி வேறு. மடியிலிருந்து பொரிப்பொரியாய் உடைந்த ஷீட்டை எடுத்துக் கல்லாமேல் கொட்டினாள்.

“திட்டினாளா?”

“திட்டியிருந்தா பரவால்லியே. நான் பெரிசா தப்பு பண்ணிட்டேன்னு அவ நெனைக்கவே இல்ல. நாங்க கட்டறதுல தப்பு பண்ணிட்டோம்க்கா, இன்னொண்ணு குடுங்கன்றா.” கொஞ்ச நேரம் துடைத்த இடத்தையே துடைத்தார். “அவ தப்பாம்.”

கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு கிராமத்தில், மாசி மாதத்தில் பதினொரு பெண்களுக்குக் கூடாரம் போட்டுக் கொடுத்தோம். அவர்களுக்கு ஒரு நோட்டீஸ் எழுதி அடித்துக் கொடுத்தேன். ‘ஷீட்டைக் கழற்றக் கூடாது. காற்றில் பறக்காமல் சட்டம் வைத்து ஆணியடித்து நிரந்தரமாகப் பொருத்தவும்.’ பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவர் சின்னபாப்பா. எழுதப் படிக்கத் தெரியாது. நோட்டீஸை என்னை நான்கு தடவை வாசிக்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டார்.

கூடாரம் போடுகிற அன்று காலையில் ஷீட்டுக்காரம்மா எங்கள் திட்ட ஆபீசுக்கே வந்துவிட்டார். சுருளிலிருந்து ஒரு முழம் வெட்டிக் கொடு என்றார். சிரித்துக்கொண்டே கொடுத்தேன். வாட்ச்மேன் அவருக்குத் தூரத்து உறவு.

“மாமா, உங்க ஆபீஸ் மாடில இத அடிச்சிட்டு வந்துடறேன். யாரும் தொடாம பாத்துக்குங்க.”

“எங்க வூட்டு மாடின்னாக்கூட வாடகை கேப்பேன். இது சர்க்கார் மாடி, போய் அடி,” என்றார் வாட்ச்மேன்.

சித்திரையில், கிணற்றுத் தண்ணீரில் விளைந்த இறவைக் கடலை பிடுங்கியபோது கூடாரங்கள் அமோகமாக வேலை செய்தன. போட்டோ எடுத்தார்கள். நான் அந்தச் சந்துக்குப் போய் வெற்றியைச் சொன்னேன். “இது எந்த மாசம்?” என்றார் அவர். சித்திரை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

ஐப்பசியில் முதல் மழைக்காற்று அடித்தது. மறுநாள் காலையில் நான் போனபோது பதினொரு கூடாரத்திலும் மூங்கில் மட்டும் நின்றது. ஷீட் அப்பளமாக நொறுங்கி, பிடுங்கின கடலைமேல் கொட்டியிருந்தது. பெண்கள் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள், மாடு தின்றுவிடுமே என்று. நான்கு நாள் மழை விடவில்லை. கடலையில் பச்சையும் கறுப்புமாகப் பூசணம். அதில்தான் அடுத்த விதைப்புக்கு விதை எடுப்பதாக இருந்தார்கள்.

“நீதானம்மா சொன்ன, கழட்டக் கூடாதுன்னு,” என்றார் சின்னபாப்பா. “கோடையில எம்மருமக சொன்னா, கழட்டி சுருட்டி வெச்சிடலாம் அத்தேன்னு. நான்தான் அவள வெரட்டினேன். படிச்ச புள்ள சொல்லிட்டுப் போயிருக்குது, நீ பெரிய இவளான்னு.”

நானும் குனிந்து அவர்களோடு பொறுக்க ஆரம்பித்தேன்.

தீபத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வேலூரிலிருந்து ஒரு அதிகாரி விசாரணைக்கு வந்தார். சின்னபாப்பாவும் இன்னும் இரண்டு பெண்களும் ஆபீசில் சுவரோரம் நின்றார்கள். ஷீட்டுக்காரம்மா யாரும் கூப்பிடாமலே வந்து அவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டார். அதிகாரி கெட்டவர் மாதிரி இல்லை. மென்மையாகத்தான் பேசினார். அதுதான் இன்றும் எனக்கு ஆறவில்லை.

“அரசாங்கம் பொருள் குடுக்கும். பாத்துக்க வேண்டியது நீங்க. வேலை முடிஞ்சதும் கழட்டி வீட்டுக்குள்ள வெச்சிருந்தா இப்படி ஆகியிருக்குமா?”

“கழட்டக் கூடாதுன்னு நோட்டீஸ் குடுத்தாங்க சார்,” என்றார் சின்னபாப்பா. நான்கு தடவை கேட்டு மனப்பாடம் செய்ததை ஒரு எழுத்து மாறாமல் ஒப்பித்தார்.

நான் எழுந்து, அதை எழுதியது நான்தான் சார் என்றேன்.

“அது அப்ரூவ் ஆன நோட்டீஸாம்மா?”

“இல்ல சார்.”

“அப்ப அது கணக்குல வராது,” என்று சொல்லிவிட்டு, கோப்பிலிருந்து வேறொரு தாளை எடுத்தார். “இதுவும் நீங்க எழுதினதுதானே? ‘தரம் நன்று.’ கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணு கையெழுத்துப் போட்டிருக்கு. சரக்குல குறை இருந்தா இப்படி எழுதுவாங்களா?”

“நான் தப்பா எழுதிட்டேன் சார்.”

“அன்னிக்கு எழுதினது தப்பா, இன்னிக்குச் சொல்றது தப்பா?” பெண்களைப் பார்த்து ஒரு சிரிப்பு. பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்க டெம்பரரிதானேம்மா. யோசிச்சுப் பேசுங்க.”

பிறகு அவர் செய்ததுதான் நான் மறக்கமுடியாதது. பியூனைக் கூப்பிட்டு, பீரோவைத் திறந்து, மாதிரிக்காக எடுத்து வைத்திருந்த ஷீட்டைக் கொண்டுவரச் சொன்னார். அதே சுருளில் வெட்டினது, சீல் வைத்தது. பிரித்து, இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார். புதுசு மாதிரி பளபளவென்று, இழுத்த இழுப்புக்கு வந்தது.

“பாருங்க. அதே ஷீட், அதே பத்து மாசம். இது எப்படி இருக்கு? உங்ககிட்ட குடுத்தது எப்படி ஆச்சு?”

சின்னபாப்பாவின் முகம் விழுந்துவிட்டது. பக்கத்திலிருந்த பெண் மெதுவாக, “நாமதான் சரியா வெச்சிக்கல போலக்குதுக்கா” என்றாள்.

ஷீட்டுக்காரம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தைதான் தாங்கவில்லை.

“சார், அந்த பீரோக்குள்ள வெயில் அடிக்குதா?”

“நீங்க யாரும்மா?”

“ஷீட்டு விக்கறவ.”

அதிகாரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் திட்ட ஆபீஸர் அவர் காதோரம் குனிந்து, இவங்களுக்கு ஆர்டர் கிடைக்கல சார் என்றார்.

“அப்படிச் சொல்லுங்க. ஆர்டர் கிடைக்காத கோவம்.”

“கோவந்தான்,” என்றார் ஷீட்டுக்காரம்மா. “மாடிக்கு வாங்க சார். ஒரே நிமிஷம். இந்தப் பொம்பளைங்க கை படாத ஷீட்டு ஒண்ணு உங்க ஆபீஸ் மாடியிலயே இருக்குது. அது நல்லா இருந்தா நான் உங்க கால்ல வுழறேன்.”

எல்லோரும் மாடிக்குப் போனோம். கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் நான்கு ஆணிகள். ஆணிக்கு ஆணி ஒரு பொடித் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது, மற்றதெல்லாம் பலகைக்கடியில் சருகாகக் கிடந்தது. பெயின்டில் போட்ட நாளும் சுருளின் அடையாளமும் அப்படியே இருந்தன. ஷீட்டுக்காரம்மா ஒரு சில்லை எடுத்து அதிகாரியின் உள்ளங்கையில் வைத்தார். விரலை மூடியதும் நொறுங்கியது.

“இங்க யாரு சார் சரியா பாத்துக்கல?”

அந்த இடத்தில் நான் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. கண்ணெதிரே இருக்கும் உண்மையை யாராலும் மறுக்கமுடியாது என்று மூன்று வருஷம் லேபில் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

அதிகாரி கையைத் தட்டித் துடைத்துக்கொண்டார். பலகையைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார், எங்கள் ஆபீஸரைப் பார்த்தார்.

“ஆபீஸ் மாடில வெளியாள் வந்து ஆணியடிக்க யார் பர்மிஷன் குடுத்தது?”

அதற்கப்புறம் விசாரணை முழுக்க அதைப் பற்றித்தான். வாட்ச்மேனை மேலே வரவழைத்தார்கள். எப்போது அடித்தது, சாவி யாரிடம் இருந்தது, ரிஜிஸ்டரில் எழுதியிருக்கிறதா. சர்க்கார் மாடி என்று சொல்லிச் சிரித்த அந்த மனுஷன் கைகட்டி நின்று, தப்புதாங்க ஐயா, தப்புதாங்க ஐயா என்றார். அவருக்கு மெமோ கொடுத்தார்கள். பலகையை அகற்ற உத்தரவு. பியூன் காலால் ஒரு தள்ளுத் தள்ளினார், சருகெல்லாம் காற்றில் போயிற்று.

அறிக்கையை நான் பார்த்தேன். இரண்டு பக்கம்தான். மாதிரி ஷீட் நல்ல நிலையில் இருப்பது நேரில் சரிபார்க்கப்பட்டது. பயனாளிகளின் பராமரிப்பின்மையால் ஷீட் சேதமடைந்தது. மேற்படி பதினொரு பேரும் இனி எந்தத் திட்டத்திலும் சேர்க்கத் தகுதியற்றவர்கள். மாடியைப் பற்றி ஒரு வரி இல்லை. பராமரிப்பின்மை. எவ்வளவு சுத்தமான ஒரு சொல். பூசணம் பிடித்த கடலையை ஒவ்வொன்றாய் உடைத்துப் பார்த்து, ஒருவேளை இது முளைக்குமோ என்று ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தவர்களை அந்த ஒரு சொல்லில் கட்டிப்போட்டுவிட்டார்கள். அதைச் செய்ய என் முத்து முத்தான கையெழுத்து உதவியிருந்தது. அடுத்த மாதம் என் வேலை நீட்டிக்கப்படவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை, சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. அந்தப் பதினொரு பேருக்கு ஆனதோடு பார்த்தால் அது ஒன்றுமேயில்லை.

தீபத்துக்கு மறுநாள் சின்னபாப்பா மருமகளோடு கடைக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். பெண்கள் எல்லோருமாகச் சேர்ந்து மஞ்சள் ஷீட் வாங்கி ஒரே ஒரு கூடாரத்துக்குப் போட்டுக்கொள்வது என்று முடிவு செய்திருந்தார்கள். ஷீட்டுக்காரம்மா அளந்து வெட்டினார்.

“ஒரு முழம் ஜாஸ்தி வெட்டுக்கா,” என்றார் சின்னபாப்பா.

“எதுக்கு?”

“எங்க வூட்டுக் கூரை மேல தனியா ஆணியடிச்சு வெக்கணும். நீ மூணு தீபம்ன்ற. அது உன் வாய். பாக்கணுமில்ல?”

ஷீட்டுக்காரம்மாவை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவர்கள் போன பிறகு என் பக்கம் திரும்பி, “என்னையே நம்பல பாத்தியா அவ,” என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு என்னிடம், அந்த அறிக்கையில் பெண்களைப் பற்றி எழுதினதை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். மாடிக்குக் கொண்டுபோய், திட்டத்து ஷீட்டில் மீந்த ஒரு துண்டைத் தாளின்மேல் போர்த்தி, நாடாக்களுக்கு நடுவே அதையும் சட்டத்தில் அறைந்தார். எதற்குக்கா என்றேன். “பாப்பமே,” என்றார்.

பிறகு எனக்கு மெட்ராஸில் வேலை கிடைத்தது. அடுத்த தீபத்துக்கு ஊருக்கு வந்தபோது நேரே அந்த மாடிக்குப் போனேன். அவர் நாடாக்களை மடித்து மடித்து நகத்தால் கீறிக்கொண்டிருந்தார். நான் எழுதிக் கொடுத்த தாள் இருந்த இடத்தில் நான்கு ஆணிகள் மட்டும் இருந்தன. மேலே போர்த்தின ஷீட் ஆடியிலேயே பொரிந்து போனதாம். மசி முதலில் வெளுத்ததாம், பிறகு தாளும் மழையில் கரைந்து போனதாம்.

“ஒரு தீபம் தாங்கல,” என்றார் திருப்தியாக. பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக நகத்தை எடுத்தார். “ஆமா, அவங்க டைப் அடிச்சது? அது எங்க இருக்குது?”

“ஆபீஸ்லதான்க்கா. கோப்புல. பீரோக்குள்ள.”

அவர் கையிலிருந்த நாடாவைக் கீழே விட்டார். மலைப்பக்கம் பார்த்தார்.

“பீரோலியா? அப்ப அது பத்து வருஷம் ஆனாலும் இப்படியே இருக்கும்.”